தலைகீழ் ஆசனங்கள் உடலுக்கு உண்மையில் என்ன செய்கின்றன?

கேள்வி இது: “எனக்கு வயது 45. நாள் முழுவதும் உட்கார்ந்து செய்யும் வேலை. மாலையானால் கால்கள் கனத்து, கணுக்காலில் சாக்ஸ் தடம் பதிந்துவிடுகிறது. தினமும் சிரசாசனம் செய்தால் மூளைக்கு இரத்தம் கூடுதலாகப் பாய்ந்து நினைவாற்றல் வளரும், முடி உதிர்வது நிற்கும், தைராய்டு சீராகும் என்கிறார்கள். இவற்றில் எவ்வளவு உண்மை? இந்த வயதில் நான் தொடங்கலாமா?”

சுருக்கமான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். தலைகீழ் ஆசனங்களால் நன்மை உண்டு. அந்த நன்மை பெரும்பாலும் கால்களிலும், இதயத்துக்குத் திரும்பும் இரத்த ஓட்டத்திலும், மூச்சுத் தசைகளிலும், தோள்களிலும் கிடைப்பது. மூளை, முடி, தைராய்டு பற்றிச் சொல்லப்படும் பலன்களுக்கு ஆதாரம் மிக மெலிது. மேலும், கிடைக்கக்கூடிய நன்மையில் பெரும்பகுதியைத் தலையில் நிற்காமலேயே, சுவரை ஒட்டிக் கால்களை உயர்த்திப் படுக்கும் எளிய விபரீதகரணியிலேயே பெற்றுவிடலாம். நீங்கள் சொல்லும் கால்கனத்துக்கும் அதுவே பொருத்தமானது. இனி, ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விரிவாகப் பார்ப்போம்.

நாம் அசையாமல் நிற்கும்போது இதயத்திலிருந்து பாதம் வரை ஏறத்தாழ 120 செ.மீ. உயரத்துக்கு இரத்தம் ஒரு தூண்போல நிற்கிறது. ஒவ்வொரு சென்டிமீட்டர் உயரத்துக்கும் சுமார் 0.77 மி.மீ. பாதரச அளவு அழுத்தம் கூடுவதால், பாதத்துச் சிரைகளில் அழுத்தம் 90 மி.மீ. அளவுக்கு ஏறிவிடுகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சுருங்கிச் சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுகின்றன. சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் அது மீண்டும் கீழே இறங்காமல் தடுக்கின்றன. அழுத்தமும் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. மணிக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரிடம் இந்தத் தசைப் பம்பு வேலை செய்வதில்லை. சிரைகளில் அழுத்தம் உயர்ந்தே இருப்பதால் இரத்தத்தின் நீர்ப்பகுதி நுண்குழாய்களிலிருந்து கசிந்து திசுக்களில் தேங்குகிறது. நீங்கள் காணும் சாக்ஸ் தடம் அந்த நீர்தான்.

கால்களை இதயத்தின் மட்டத்துக்கு மேலே உயர்த்தியதும் இந்தக் கணக்கு அப்படியே திரும்பிவிடுகிறது. சிரைகளில் அழுத்தம் சரிகிறது, தேங்கிய நீர் சிறிது சிறிதாக நுண்குழாய்களுக்கும் நிணநீர்க் குழாய்களுக்கும் திரும்புகிறது, கனம் குறைகிறது. இதில் மாயம் எதுவும் இல்லை. மருத்துவமனைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் இதே இயற்பியலைப் பயன்படுத்துகிறார்கள்: இரத்த அழுத்தம் குறைந்த நோயாளிக்குச் சலைன் போன்ற திரவம் ஏற்றினால் பலன் இருக்குமா என்று அறிய, அவருடைய கால்களை 45 பாகை உயர்த்திப் பார்ப்பார்கள். கால்களில் இருக்கும் சுமார் 300 மி.லி. இரத்தம் ஒரு நிமிடத்துக்குள் மார்புப் பகுதிக்கு வந்துசேர, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு கூடுகிறதா என்பது தெரிந்துவிடும். விபரீதகரணியில் சுவரில் கால் சாய்த்துப் படுப்பவருக்கும் நடப்பது ஏறக்குறைய இதுதான்.

இதயத்துக்கு இரத்தம் கூடுதலாக வந்ததும் உடல் சும்மா இருப்பதில்லை. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் இருக்கும் அழுத்த உணர்விகள் மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. அங்கிருந்து வேகஸ் நரம்பு வழியாக இதயத்துடிப்பைக் குறைக்கும் கட்டளை வருகிறது. இரத்தக் குழாய்கள் தளர்கின்றன. இதய மேலறைகள் விரிவதால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் சற்றுக் கூடுதலாக வெளியேற்றும்படித் தூண்டப்படுகிறது. நெடுநேரம் கால் உயர்த்திப் படுத்தபின் சிலருக்குச் சிறுநீர் கழிக்கும் உணர்வு வருவதற்குக் காரணம் இதுவே. விபரீதகரணியில் கிடைக்கும் அமைதி உணர்வுக்கு இந்த அனிச்சைச் செயல் ஒரு நியாயமான விளக்கம். அசையாமல் படுத்திருப்பதும், மெதுவாக மூச்சு விடுவதும், கைப்பேசி கையில் இல்லாமலிருப்பதும் அந்த அமைதிக்குத் தம் பங்கைச் செலுத்துகின்றன என்பதையும் நேர்மையாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் இதே அமைதியைச் சிரசாசனத்துக்கும் ஏற்றிச் சொல்வது சரியாகாது. 2003-இல் பெங்களூரைச் சேர்ந்த யோக ஆய்வாளர்கள் 40 ஆண்களிடம் இரண்டு நிமிடச் சிரசாசனத்துக்கு முன்னும் பின்னும் இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கம், தோலின் மின்தடை, மூச்சு வேகம் ஆகியவற்றை அளந்து வெளியிட்டார்கள். சுவர்த் துணையோடு செய்தவர்கள், துணையின்றிச் செய்தவர்கள் ஆகிய இரு பிரிவினரிடமும் உடலை விழிப்பு நிலைக்குத் தள்ளும் பரிவு நரம்பு மண்டலத்தின் செயல்பாடு கூடியிருந்ததே தவிரக் குறையவில்லை. தலையிலும் முன்கைகளிலும் முழு உடலையும் நிறுத்திச் சமநிலை காக்கும் ஒருவருக்கு அப்படித்தான் இருக்கும். சிரசாசனம் செய்து முடித்ததும் வரும் சுறுசுறுப்பு உண்மையானது. ஆகவே அதைக் காலையில் செய்வது பொருத்தம், உறக்கத்துக்கு முன் செய்வது பொருத்தமில்லை.

இப்போது மூளைக்கு வருவோம், ஏனென்றால் இந்தத் துறையில் மிகுதியாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கூற்று இதுதான். உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் சுமார் 15 சதவீதத்தை, அதாவது நிமிடத்துக்கு 750 மி.லி. அளவு இரத்தத்தைப் பெறுகிறது. நீங்கள் நின்றாலும் படுத்தாலும் தலைகீழாக இருந்தாலும் அந்த அளவு பெரிதாக மாறாமல் மூளையின் இரத்தக் குழாய்கள் தாமே சுருங்கியும் விரிந்தும் பார்த்துக்கொள்கின்றன. அழுத்தம் கூடினால் சுருங்கும், குறைந்தால் விரியும். இந்தத் தற்காப்பு இல்லாவிட்டால் நாம் குனிந்து செருப்பு வார் மாட்டும் ஒவ்வொரு முறையும் மூளை வீங்கியிருக்கும். தலைகீழ் நிலையில் தமனி அழுத்தம் மட்டுமல்லாமல், மூளையிலிருந்து இரத்தத்தை வெளியே எடுத்துச் செல்லும் சிரைகளின் அழுத்தமும், மண்டையோட்டுக்குள் இருக்கும் நீரின் அழுத்தமும் சேர்ந்தே உயர்கின்றன. இரத்தத்தை ஓட வைப்பது இரு பக்கத்து அழுத்தங்களின் வித்தியாசம். அந்த வித்தியாசம் பெரிதாக மாறாதபோது ஓட்டமும் மாறாது. முகம் சிவப்பதும் நெற்றி நரம்புகள் புடைப்பதும் தோலிலும் சிரைகளிலும் இரத்தம் தேங்குவதன் அடையாளங்கள். மூளைக்கு ஊட்டம் கூடுகிறது என்பதற்கு அவை சான்றாகா.

தலைப்பக்கம் இரத்தம் சேர்வது எப்போதும் நல்லதுதான் என்ற எண்ணத்தைச் சோதிக்க இன்னொரு வழி உண்டு. விண்வெளியில் எடையற்ற நிலையில் உடல் நீர் தலைப்பக்கம் நகர்வதைப் பூமியில் ஆராய்வதற்காக, தன்னார்வலர்களைத் தலைப்பகுதி 6 பாகை தாழ்ந்த கட்டிலில் நாள்கணக்கில், வாரக்கணக்கில் படுக்க வைக்கிறார்கள். அவர்களுக்கு மூக்கடைப்பும் தலைக்கனமும் வருகின்றன, இரத்தத்தின் மொத்த அளவு குறைகிறது, எழுந்து நின்றால் தலைசுற்றுகிறது. சில நிமிட ஆசனத்தை இத்துடன் ஒப்பிட முடியாது என்பது உண்மை. ஆயினும், கூடுதல் இரத்தம் தலையில் சேர்ந்தால் அறிவு கூர்மையாகும் என்று நம்புவதற்கு இந்த ஆய்வுகளில் எந்த ஊக்கமும் இல்லை.

தைராய்டு விஷயமும் இப்படிப்பட்டதே. தோள்களில் நின்று கால்களை மேலே நீட்டும் சர்வாங்காசனத்தில் மோவாய் மார்பில் படிந்து தொண்டைப் பகுதி அழுந்துவதால் சுரப்பி தூண்டப்படுகிறது என்பார்கள். தைராய்டு எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது மூளையடியில் உள்ள பிட்யூட்டரி அனுப்பும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன், வெளியிலிருந்து வரும் அழுத்தம் அல்ல. தவிர, தைராய்டு குறைவாகச் சுரப்பவரும் மிகையாகச் சுரப்பவரும் ஒரே ஆசனத்தால் குணமாவார்கள் என்ற கூற்று எந்தத் தர்க்கத்திலும் அடங்குவதில்லை. தைராக்சின் மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் ஆசனத்தை நம்பி அதை நிறுத்திவிடக் கூடாது. முடி உதிர்வுக்கு மரபு, ஹார்மோன், இரும்புச்சத்துக் குறைவு, காய்ச்சலுக்குப் பிந்தைய பலவீனம் என்று காரணங்கள் பல. உச்சந்தலைக்கு இரத்தம் போதாமை பொதுவாக அவற்றில் ஒன்றல்ல.

இந்த வாக்குறுதிகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், அவை நவீன விளம்பரத்தின் கண்டுபிடிப்புகள் மட்டும் அல்ல. ஏறத்தாழ 15-ஆம் நூற்றாண்டில் ஸ்வாத்மாராமர் இயற்றிய ஹடயோகப் பிரதீபிகை, விபரீதகரணியை ஆசனமாக அன்றி முத்திரையாக வகைப்படுத்துகிறது. தலையில் இருக்கும் சந்திரன் சொரியும் அமுதத்தை நாபியில் இருக்கும் சூரியன் விழுங்கிவிடுவதால் உடல் மூப்படைகிறது. உடலைத் தலைகீழாக்கினால் அமுதம் காக்கப்படும் என்பது அதன் கொள்கை. ஆறு மாதத்தில் நரையும் திரையும் மறையும் என்றும், நாள்தோறும் ஒரு யாமம், அதாவது மூன்று மணி நேரம் பயில்பவர் காலனை வெல்வார் என்றும் அந்நூல் சொல்கிறது. அதே நூல், முதல் நாள் ஒரு கணமே தலைகீழாக இருக்க வேண்டும், பின்னர் நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும், குருவின் வாய்மொழியாலேயே இதைக் கற்க வேண்டும் என்றும் சொல்கிறது. காலனை வெல்லும் வரி எல்லோருக்கும் நினைவில் இருக்கிறது. ஒரு கணத்தில் தொடங்கச் சொன்ன வரியை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கொள்கை உடலியல் மொழிக்கு மாறியது. 1924-இல் லோனாவ்லாவில் கைவல்யதாம நிறுவனத்தைத் தொடங்கிய சுவாமி குவலயானந்தர், எக்ஸ்ரே கருவியையும் இரத்த அழுத்தமானியையும் கொண்டு ஆசனங்களை அளக்க முனைந்த முன்னோடிகளில் ஒருவர். மைசூர் அரண்மனையில் கற்பித்துப் பின்னர் சென்னையில் வாழ்ந்த டி. கிருஷ்ணமாச்சாரியாரும், அவருடைய மாணவர் பி.கே.எஸ். ஐயங்காரும் சிரசாசனத்தையும் சர்வாங்காசனத்தையும் அன்றாடப் பயிற்சியின் நடுவில் வைத்தார்கள். சிரசாசனம் ஆசனங்களின் அரசன், சர்வாங்காசனம் ஆசனங்களின் தாய் என்ற வழக்கை உலகெங்கும் பரப்பியதில் 1966-இல் வெளிவந்த ஐயங்காரின் நூலுக்குப் பெரும் பங்கு உண்டு. அரசன் என்ற பட்டத்தைக் கேட்டதும் அதை அடையாமல் யோகப் பயிற்சி நிறைவுறாது என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். என் பார்வையில், இந்தப் பட்டம் செய்த தீமை கொஞ்சமல்ல.

சிரசாசனத்தால் கிடைக்கும் மெய்யான பலன்களைக் குறைத்துச் சொல்லவும் நான் விரும்பவில்லை. முன்கைகளைத் தரையில் அழுத்தித் தோள்பட்டைகளைக் காதிலிருந்து விலக்கி நிறுத்தும் உழைப்பு, தோள், மேல்முதுகு, வயிற்றுச் சுவர்த் தசைகளை நன்றாக வலுவாக்குகிறது. கண், உட்செவி, மூட்டுகள் தரும் செய்திகளை வழக்கத்துக்கு மாறான நிலையில் ஒருங்கிணைக்கப் பழகுவதால் சமநிலை உணர்வு கூர்மையடைகிறது. தலைகீழ் நிலையில் வயிற்று உறுப்புகள் உதரவிதானத்தின் மேல் சரிவதால், ஒவ்வொரு மூச்சை உள்ளிழுக்கும்போதும் அது ஒரு சுமையை நகர்த்த வேண்டியிருக்கிறது. மூச்சை விடுவது எளிதாகிறது. மூச்சுத் தசைக்கு இது பயிற்சியே. நிமிர்ந்திருக்கும்போது குறைந்த இரத்தம் பெறும் நுரையீரலின் மேல்நுனிகளுக்கும் அந்நேரத்தில் இரத்தம் கூடுதலாகப் போகிறது. விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தைப் படிப்படியாகக் கடந்தவருக்கு வரும் தன்னம்பிக்கையை எந்தக் கருவியும் அளக்காது, ஆனால் கற்பிக்கும் எவரும் அதைக் கண்டிருப்பார்கள்.

இனி இதற்குக் கொடுக்கும் விலை. முதலாவது, கண். விழிக்குள் இருக்கும் திரவத்தின் இயல்பான அழுத்தம் 10 முதல் 21 மி.மீ. வரை. சென்னை சங்கர நேத்ராலயாவின் மருத்துவர்கள் யோகா பயிலும் 75 பேரிடம் சிரசாசனத்தின்போது கண் அழுத்தத்தை அளந்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், அது ஏறத்தாழ இரு மடங்காக உயர்ந்தது தெரியவந்தது. பழகியவர், புதியவர் என்ற வேறுபாடின்றி உயர்வு எல்லோருக்கும் உரியது, ஏனென்றால் இது தேர்ச்சியைப் பொறுத்தது அன்று, புவியீர்ப்பைப் பொறுத்தது. ஆரோக்கியமான கண் சில நிமிட உயர்வைப் பொறுத்துக்கொள்ளும். பெரும்பாலும் கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு சேதமடையும் கிளாக்கோமா நோய் உள்ள கண் பொறுத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. 2015-இல் நியூயார்க் ஆய்வாளர்கள் கிளாக்கோமா உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் சேர்த்து ஆராய்ந்தபோது, கைகளையும் பாதங்களையும் ஊன்றி இடுப்பை மேலே உயர்த்தும் அதோமுக ஸ்வானாசனம், நின்று முன்குனிதல், மல்லாந்து கால்களைத் தலைக்குப் பின்னே கொண்டுபோகும் ஹலாசனம், சுவரில் கால் தூக்கிப் படுத்தல் ஆகிய நான்கிலும் கண் அழுத்தம் உயர்ந்தது. மிகுதியாக உயர்ந்தது முதல் ஆசனத்தில். கிளாக்கோமா பெரும்பாலும் வலியோ அறிகுறியோ இல்லாமல் வளரும் நோய். ஆகவே 40 வயதைத் தாண்டிய நீங்கள், எந்தத் தலைகீழ் ஆசனத்தையும் அன்றாடப் பழக்கமாக்குவதற்கு முன் ஒருமுறை கண் அழுத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

இரண்டாவது, கழுத்து. நான்கைந்து கிலோ எடையுள்ள தலையைச் சுமப்பதற்கு அமைந்தவை கழுத்தின் ஏழு முள்ளெலும்புகள். “கைகளில் முழு எடையையும் தாங்குங்கள், தலையில் எடையே வரக்கூடாது” என்று ஆசிரியர்கள் சொல்வது வழக்கம், நல்ல அறிவுரைதான். ஆனால் அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தேர்ச்சி பெற்ற 45 பேரை அளந்து பார்த்தபோது, உச்சகட்டத்தில் உடல் எடையில் 40 முதல் 48 சதவீதம் வரை தலையில் இறங்கியது. 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 28 கிலோவுக்கு மேல். சும்மாடு வைத்து ஒரு சிமென்ட் மூட்டையின் பாதிக்கு மேலான பாரத்தைத் தலையில் ஏற்றிக்கொள்வதற்குச் சமம். கால்களை உதறித் துள்ளி மேலே ஏறுபவர்களிடம் அந்தச் சுமை திடீரென்று, கழுத்து வளைந்திருக்கும் நேரத்தில் விழுகிறது. மாதக்கணக்கில் தோள்களைத் தயார்ப்படுத்தாமல் ஒளிப்படத்துக்காக ஏறுவது அறிவுடைமை ஆகாது.

இவற்றைக் கொண்டு பார்த்தால், யார் தலைகீழ் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும் என்பது தானே விளங்கும். கிளாக்கோமா, விழித்திரைக் கிழிசல், நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளவர்கள், முன்பு பக்கவாதம் வந்தவர்கள், கழுத்து எலும்புத் தேய்மானத்தால் கைகளில் மரத்துப்போதலோ வலியோ உள்ளவர்கள், எலும்புப்புரை உள்ளவர்கள் ஆகியோருக்குச் சிரசாசனமும் சர்வாங்காசனமும் வேண்டாம். மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்திலும் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) டவுன் சிண்ட்ரோமிலும் கழுத்தின் முதலிரண்டு எலும்புகளுக்கிடையே உள்ள பிணைப்பு தளர்ந்திருக்கக்கூடும் என்பதால் அவர்களுக்கும் கூடாது. நெஞ்செரிச்சலும், இரைப்பை உதரவிதானத்தைத் தாண்டி மேலேறும் வகைக் குடலிறக்கமும் உள்ளவர்களுக்கு அமிலம் மேலேறித் தொல்லை கூடும். கருவுற்ற பெண்கள் விழுந்துவிடும் ஆபத்தைக் கருதித் தவிர்ப்பது நல்லது. மாதவிடாய் நாட்களில் செய்யக்கூடாது என்பது பல யோக மரபுகளின் விதி. தீங்கு விளையும் என்பதற்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லாததால், அன்றைய உடல்நிலையைப் பார்த்து அவரவரே முடிவு செய்யலாம்.

விபரீதகரணி எளியது என்றாலும் எல்லோருக்கும் உரியதன்று. இதயச் செயலிழப்பு உள்ளவர் கால்களை உயர்த்திப் படுத்தால் மூச்சுத்திணறல் கூடும். புகைபிடிப்பவர்களுக்கும் நீண்டகால நீரிழிவு உள்ளவர்களுக்கும் கால் தமனிகள் சுருங்கியிருந்தால், காலை உயர்த்துவது பாதத்துக்குப் போகும் கொஞ்ச இரத்தத்தையும் குறைத்து வலி உண்டாக்கும். ஒரே காலில் திடீரென வீக்கமும் வலியும் தோன்றினால் அது சிரையில் இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கக்கூடும்; ஆசனம் செய்யாமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். இரண்டு கால்களிலும் காலையில் எழும்போதே வீக்கம் இருந்தால் சிறுநீரகம், கல்லீரல், இதயம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் எடுத்துக்கொள்பவர்களுக்கு அந்த மாத்திரையே கணுக்கால் வீக்கத்தைத் தருவதுண்டு.

மேற்சொன்ன சிக்கல் எதுவும் உங்களுக்கு இல்லை என்றால், இப்படித் தொடங்கலாம். மாலையில் வேலை முடிந்து, சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆனபின், சுவரோரம் ஜமுக்காளம் விரித்துப் பக்கவாட்டில் உட்கார்ந்து, அப்படியே மல்லாந்து திரும்பிக் கால்களைச் சுவரில் ஏற்றுங்கள். தொடையின் பின்பக்கம் இழுத்தால் இடுப்பைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். கால்கள் செங்குத்தாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஐந்து நிமிடத்தில் தொடங்கிப் பத்து நிமிடம் வரை கூட்டலாம். பாதம் மரத்துப்போகும் வரை காத்திருக்க வேண்டாம். இறங்கும்போது முழங்கால்களை மடக்கி வலப்பக்கம் ஒருக்களித்துச் சில மூச்சுகள் படுத்திருந்து எழுங்கள். சட்டென்று நின்றால் தலைசுற்றும். இத்துடன் அலுவலகத்தில் மணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதையும், உட்கார்ந்தபடியே குதிகாலை உயர்த்தி இறக்குவதையும் சேர்த்துக்கொண்டால், கால்கனம் குறைவதை விரைவிலேயே உணர்வீர்கள்.

அடுத்த படியாக, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்தும் சேதுபந்தாசனமும் அதோமுக ஸ்வானாசனமும் தோள்களையும் முதுகையும் தயார் செய்யும். சர்வாங்காசனத்துக்குப் போகும்போது கெட்டியாக மடித்த மூன்று நான்கு போர்வைகளைத் தோள்களுக்கு அடியில் வைத்து, தலை மட்டும் தரையில் இருக்கும்படிச் செய்யுங்கள். கழுத்து மடங்கும் கோணம் இதனால் குறையும். ஐயங்கார் மரபில் இது அடிப்படை ஏற்பாடு. அந்நிலையில் இருக்கும்போது யார் கூப்பிட்டாலும் தலையைத் திருப்பக் கூடாது. ஓராண்டுக்குப் பின்னும் தலையில் நிற்கும் விருப்பம் இருந்தால், நேரில் கற்பிக்கும் ஆசிரியரிடம் போங்கள். காணொளி பார்த்துக் கற்கக்கூடிய ஆசனம் அன்று இது. சுவரில் பொருத்திய கயிற்றில் இடுப்பைத் தாங்கவிட்டுத் தலை தொங்கும் சிரசாசனம் கற்பிக்கும் கூடங்களும் உண்டு. அதில் கழுத்தில் சுமையே இறங்காது என்பதால் எனக்கு அது பெரிதும் உவப்பு. ஆனால் கண் அழுத்தம் அதிலும் உயரும். எந்த நிலையிலும் கண்ணில் மின்னல் போன்ற ஒளி, பார்வை மங்கல், கை விரல்களில் குறுகுறுப்பு, கழுத்தில் புதிய வலி, கடுமையான தலைவலி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே மெதுவாக இறங்கிவிடுங்கள். மருத்துவரைப் பார்க்கும் வரை அந்தப் பயிற்சியை மீண்டும் தொடங்க வேண்டாம்.